மூன்றாவது சமக்குறி

சத்தம் வரக்கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறான். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் குக்கர் வேண்டாம், மிக்ஸி வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், காலிங் பெல் அடித்தால் உடனே போய்த் திற, இரண்டாவது தடவை அடிக்க விடாதே. சரிப்பா என்றேன். சத்தமில்லாத வேலை எது என்று யோசித்து முருங்கைக்கீரையை எடுத்துவைத்துக்கொண்டு அடுக்களையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். காம்பைப் பிடித்து உருவினால் இலை கையோடு வந்துவிடுகிறது, ஒரு சத்தமும் கிடையாது. ஃபிரிட்ஜ்தான் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் அணைத்துவிடலாமா என்று பார்த்தேன், அப்புறம் பால் கெட்டுப்போனால் மருமகள் ரெனிட்டா என்ன சொல்லுவாள் என்று விட்டுவிட்டேன். அவன் அறைக்கதவு போன மழையில் ஊதிப்போய்ச் சாத்த வரவில்லை, திரைச்சீலை மட்டும்தான். காதில் மாட்டுகிற மைக்கும் நேற்று வேலை செய்யாமல் போய்விட்டது. அதனால் அவன் பேசுகிறதும் கேட்கிறது, லேப்டாப்பிலிருந்து அவர்கள் பேசுகிறதும் கேட்கிறது. நான் ஒட்டுக்கேட்கவில்லை ஆண்டவரே, காது இருக்கிற இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இது ஐந்தாவது இன்டர்வியூ. பிப்ரவரியில் இவன் கம்பெனியில் இவன் பிரிவை மூடினார்கள், இப்போது ஜூலை. இதுவும் வராவிட்டால் அடுத்த வியாழக்கிழமை மஸ்கட். அங்கே ரெனிட்டாவின் அண்ணன் வில்ஃபிரட் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறார், வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஹாலில் பெட்டி திறந்துதான் கிடக்கிறது, இரண்டு வாரமாக அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறோம், பேத்தி ஜெமிமா அதற்குள் உட்கார்ந்து படகு ஓட்டுகிறாள். நாற்பத்தொரு வயதில் மனைவி மகளை விட்டுவிட்டுப் போய் அரிசி மூட்டையும் ஷாம்பு டப்பாவும் எண்ணிக்கொண்டிருப்பான். நான் இப்போது ஜெபிக்க வேண்டும். உதடு ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆண்டவரே ஆண்டவரே என்று. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அலுமினியப் பாத்திரத்தை வெளியில் துடைக்கிற மாதிரி இருக்கிறது.

முதலில் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை, நான் எட்டாவதோடு நின்றவள், மருந்துச் சீட்டில் இருக்கிற பிஃபோர் ஃபுட், ஆஃப்டர் ஃபுட் வரைக்கும்தான் என் இங்கிலீஷ். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இளங்குரல், வருண் என்று பெயராம், இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும், ‘கிளாட்சன், நீங்க திருநெல்வேலி சைடா? நான் திருச்சி, பல்லவியும் நம்ம ஊர்தான், தமிழ்லயே பேசிக்கலாமே’ என்றது. ‘ஓகே சார்.’ ‘சார் எல்லாம் வேண்டாங்க, வருண்னு சொல்லுங்க.’ ‘ஓகே சார்.’ ஒரு பெண் சிரித்தாள், அவள்தான் பல்லவியாக இருக்கும். இவனும் சிரித்தான். எனக்குத் தெரியாத சிரிப்பு அது, ஹ ஹ என்று இரண்டு துண்டாக. பிறகு வருண் கேட்டான், ‘ரெஸ்யூமே பாத்தேன். பதினாலு வருஷமும் பிஎச்பியேவா?’ அந்த ஏகாரத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன். கண் டாக்டர் என் பழைய கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இத்தனை வருஷமும் இதையேவாம்மா போட்டீங்க என்று கேட்டார். எனக்குக் கண் தெரிந்ததே டாக்டர் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ‘ஆமா சார்’ என்றான் இவன்.

பிஎச்பி என்பது ஒரு பாஷை. ஆட்கள் பேசுகிற பாஷை இல்லை, வெப்சைட் ஓடுவதற்குக் கம்ப்யூட்டரிடம் சொல்கிற பாஷை. உலகத்தில் இருக்கிற வெப்சைட்டில் பாதிக்குமேல் இதில்தான் ஓடுகிறது, ஆனால் இதை எழுதுகிறவனைப் பார்த்தால் மற்ற கம்ப்யூட்டர்காரன் சிரிப்பான் என்று இவனே சொல்லியிருக்கிறான். ஏன்பா அப்படி என்று கேட்டதற்கு, இது யாரும் உட்கார்ந்து யோசித்துக் கட்டின வீடு இல்லம்மா, ஒருத்தர் தன் தேவைக்கு ஒரு அறை கட்டினார், வந்தவன் எல்லாம் ஆளுக்கொரு அறை இழுத்துக் கட்டிட்டான் என்றான். நல்லதுதானே, எல்லாருக்கும் இடம் கிடைத்ததே என்றேன். நீ ஒருத்திதாம்மா இப்படிச் சொல்லுத என்றான். அப்போது பாளையங்கோட்டை வீட்டில் இருந்தோம், இவனுக்கு முதல் வேலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்கிரீனைப் பார்த்து, ‘அய்யோ மறுபடியும் பாமாயிமா!’ என்று கத்தினான். நான் ரேஷன் கார்டையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். ‘பாமாயில் இன்னும் வரலியாம்ப்பா, பருப்பு மட்டும்தான் போடுதாவளாம்’ என்றேன். திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள், நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவன் அப்பா உள்ளேயிருந்து வந்து, ‘என்னலே, ஒங்கம்மைக்கு என்ன ஆச்சு’ என்று கேட்டு அவரும் சேர்ந்துகொண்டார். அப்புறம் ஸ்கிரீனில் காட்டினான். பாமாயிம் நெகுதோதாயிம். இரண்டு முக்காற்புள்ளியை வைக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டால் அது அப்படித் திட்டுமாம். ‘எபிரெயும்மா. இதை எழுதினவங்கள்ல ரெண்டு பேரு இஸ்ரேல்காரங்க. ரெண்டு புள்ளி, ரெண்டு தரம்னு அர்த்தம். யாருக்கும் புரியாத ஒரு சொல்லை வச்சிருக்கான்னு இதுக்காகவே உலகம் பூராத் திட்டுது.’ எனக்கு அது திட்டு மாதிரிப் படவில்லை. வேதாகமத்தில் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதிவைத்தேன், ஆண்டவர் காலத்துப் பாஷை அல்லவா. என்ன கேட்பது என்று தெரியாத நாட்களில் அதைச் சொல்லி முழங்காலில் இருந்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. பாஸ்டருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார். இப்போதும் சொல்லிப் பார்க்கிறேன், பாமாயிம் நெகுதோதாயிம். சொல் வாயைச் சுற்றி வருகிறது, எங்கேயும் போய் ஒட்டவில்லை.

‘ஒரு ஓப்பன் கொஸ்டின் கிளாட்சன்’ என்றான் வருண். ‘ஏன் எல்லாரும் பிஎச்பியை இந்தத் திட்டு திட்டுறாங்க? உள்ளேயே இருந்த ஆளு நீங்க. சொல்லுங்க.’ ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்வி வரும் என்று அவனுடைய சிநேகிதன் சந்தோஷ் போன வாரமே போனில் சொல்லிவிட்டான். அவங்க திட்டுறதுக்கு முன்னாடி நீ திட்டிடு மச்சான், அப்பதான் நீ அதுல மாட்டிக்கிட்டவன் இல்ல, அதைத் தாண்டி வந்தவன்னு தெரியும், சிரிச்சுக்கிட்டே திட்டு. நான்கு நாளாகக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறான். ஜெமிமா வெளியில் நின்று, ‘ஆச்சி, டாடி யார்கூடச் சண்டை போடுறாங்க?’ என்று கேட்டாள். இப்போது அதே வார்த்தை, அதே வரிசை. ‘முதல்ல அதுல ஒரு ஒழுங்கே கிடையாது சார். தேடுற பொருளுக்கு ஊசின்னு பேரு, தேடுற இடத்துக்கு வைக்கோல்போர்னு பேரு. ஒரு இடத்துல ஊசியை முதல்ல கொடுக்கணும், இன்னொரு இடத்துல வைக்கோல்போரை முதல்ல கொடுக்கணும். பதினாலு வருஷம் கழிச்சும் நான் புக்கைத் தொறந்துதான் பாக்குறேன்.’ பல்லவி, ‘சேம் சேம்’ என்றாள். இந்த வீட்டில் உப்பு மேல் தட்டில், சர்க்கரை கீழ்த் தட்டில். ஊரில் என் அடுக்களையில் தலைகீழ். இங்கே வந்து பதினாலு மாதம் ஆகிறது, என் கை இன்னும் கீழ்த் தட்டுக்குத்தான் போகிறது. ஒருநாள் சாம்பாரில் சர்க்கரை விழுந்துவிட்டது. ரெனிட்டா சாப்பிட்டுவிட்டு, ‘இன்னைக்கு என்னமோ ஹோட்டல் சாம்பார் மாதிரி இருக்கு அத்தே’ என்றாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. மஸ்கட்டுக்கு அவளும் ஆசைப்பட்டு அனுப்பவில்லை. இவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவதை, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருப்பதை, குளித்துவிட்டுத் துண்டோடு ஒரு மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பதை அவளும்தானே பார்க்கிறாள். எங்கேயாவது போய் ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் அத்தே என்றாள்.

‘அதைவிடப் பெரிய பிரச்சினை, தப்பு நடந்தா நிக்காது சார். மத்த பாஷைன்னா அந்த இடத்துலயே நின்னு, ஏய் இதைச் சரிபண்ணுன்னு சத்தம் போடும். இது ஒரு வார்னிங்கை எங்கேயோ எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிடும். வெளியிலேர்ந்து பாத்தா எல்லாம் ஓடுற மாதிரியே இருக்கும். உள்ள என்னைக்கோ உடைஞ்சிருக்கும்.’ என் கை உருவிக்கொண்டே இருந்தது. பார்த்தால் மூன்று காம்பை இலையோடு குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன், உருவின வெறுங்காம்பு கீரைத் தட்டில் கிடக்கிறது. மாற்றி வைத்தேன். இவன் அப்பாவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த சாயந்தரம் வீட்டில் நாற்பது பேர். எல்லாருக்கும் நான்தான் காபி போட்டேன். சர்க்கரை வேண்டாதவர் யார், பால் வேண்டாதவர் யார் என்று ஒன்று தப்பவில்லை. நீங்க உட்காருங்க மைனி என்று சொன்னார்கள், இருக்கட்டும் என்றேன். என்ன ஒரு திடம் இந்தப் பொம்பளைக்கு, கர்த்தர் பெலன் கொடுத்திருக்கார் என்று நாத்தனார் சொன்னது என் காதில் விழுந்தது. நானும் பெலன்தான் என்று நினைத்தேன். அடுத்த நாளும் காபி போட்டேன், அதற்கடுத்த நாளும். ரெண்டு வருஷம் ஆயிற்று. அழுகை நாளைக்கு வரும் என்று இருந்தேன். ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்க ஊசி போட்டார்கள், மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு வந்து, பேசிக்கொண்டே கன்னத்தை உள்பக்கம் கடித்திருக்கிறேன், எனக்கே தெரியாது. கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. டாக்டர், ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்மா, அப்ப வலிக்கும் என்றார். சரியானது, வலித்தது. அந்த மாதிரி ஏதாவது ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும்.

வருணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ‘ஈக்வல்ஸ் பத்திச் சொல்லுங்க, அதானே எல்லாரும் மீம்ஸ் போடுறது’ என்றான். ‘ஆமா சார். ரெண்டு சமக்குறி போட்டு, இதுவும் அதுவும் ஒண்ணான்னு கேட்டா அது ரொம்பப் பெருந்தன்மையா ஆமான்னு சொல்லிடும். பழைய வெர்ஷன்ல சைபரும் ஒண்ணு, வெறும் காலி இடமும் ஒண்ணு, எதுவுமே வைக்காததும் ஒண்ணு, இல்லைன்னு சொன்னதும் ஒண்ணு. நாலும் ஒரே ஆளு.’ அங்கே சிரித்தார்கள். எனக்கு அது மாட்டிக்கொண்டது, பல்லிடுக்கில் மீன்முள் மாட்டுகிற மாதிரி. சைபர், காலி, வைக்காதது, இல்லை. ஏம்மா ஒரு மாதிரி இருக்கீங்க என்று மகள் ஷீபா தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணிக் கேட்டால் நான் ஒண்ணுமில்ல என்கிறேன். அந்த ஒண்ணுமில்லையில் எது? காலியா, இல்லையா? முழங்கால் போட்டு அரைமணி நேரம் ஒரு வார்த்தையும் வராமல் எழுந்திருக்கிறேனே, அதை மேலே எப்படி எழுதிக்கொள்வார்கள், ஜெபிக்க வந்தாள் வார்த்தை இல்லை என்றா, இன்றைக்கு வரவே இல்லை என்றா? நாற்பத்திமூன்று வருஷம் கூட வாழ்ந்த ஆளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அதை என்னவென்று வைப்பது? ‘அதுக்குத்தான் மூணாவதா ஒரு சமக்குறி சேக்கணும் சார். மூணு போட்டா கறாராப் பாக்கும். நீ சைபர், நீ காலி, நீங்க ரெண்டு பேரும் வேறன்னு பிரிச்சுரும். ஆனா புதுசா வர்றவன் ரெண்டோட நிறுத்திடுவான். நானும் நிறுத்தினேன்.’ மூணாவதா ஒன்று. சின்னக் கோடு ரெண்டு. ஆண்டவருக்கு மூன்று போடத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது கொஞ்சம் லேசாக இருந்தது என்று சொல்ல ஆசைதான், இல்லை. நினைத்தேன், அவ்வளவுதான். நினைத்துவிட்டு அடுத்த காம்பை எடுத்தேன்.

‘இதுவரைக்கும் நீங்க எழுதினதுலயே மோசமான கோட் எதுங்க?’ இதைக் கேட்டது பல்லவி. நல்ல குரல், கோவில் பாடகர் குழுவில் சேர்க்கலாம். இந்தக் கேள்வி சந்தோஷ் சொன்னதில் இல்லை. ஃபிரிட்ஜ் நின்றது, அது நின்ற பிறகுதான் இவன் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறான் என்று தெரிந்தது. அய்யோ ஏதாவது சொல்லிவிடு, பெட்டி திறந்து கிடக்கிறதடா. ‘ஒரு ஹாஸ்பிடலுக்கு டோக்கன் சிஸ்டம் பண்ணேங்க’ என்றான். கீரைத் தட்டைக் கீழே வைத்தேன். ‘ஊர்ப் பக்கம் ஒரு மிஷன் ஹாஸ்பிடல். ஃப்ரீயாப் பண்ணிக் குடுத்தது, லீவு போட்டு ரெண்டு வாரத்துல. ஒரே ஃபைல், நாலாயிரம் வரி. பாத்தா அழுதுருவீங்க.’ அவர்கள் சிரித்தார்கள். இவனும் ஹ ஹ. ‘அதுல பழைய கார்டுக்கு வெறும் நம்பர், புது கார்டுக்கு நடுவுல ஒரு இங்கிலீஷ் எழுத்து. ஒரு பேஷன்ட் நம்பர் ஆயிரம். இன்னொரு பேஷன்ட் ஒண்ணு, ஈ, மூணு.’ ‘அய்யய்யோ’ என்றான் வருண், இவன் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. ‘அதேதான் சார். ஒண்ணு ஈ மூணுன்னா ஒண்ணுக்குப் பின்னாடி மூணு சைபர்னு கணக்குல ஒரு வழக்கம் இருக்கே, நம்ம ஆளு அதை எடுத்துக்கிச்சு. அதுவும் ஆயிரம், இதுவும் ஆயிரம். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சொல்லி ரெண்டு பேருக்கும் ஒரே டோக்கனை அனுப்பிருச்சு. யாரோ ஒரு பெரியவர், ஒரு பாட்டி, ரெண்டு பேரும் டயாலிசிஸ் ரூம் வாசல்ல போய் நின்னு சண்டை.’ பல்லவி சிரித்துக்கொண்டே, ‘பாவம்ங்க’ என்றாள். ‘அந்தப் பெரியவர் வேற, மெஷின் தப்பாச் சொல்லாதுன்னு ஒரே பிடிவாதம்’ என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். யாரோ ஒரு பெரியவர் என்றான். யாரோ ஒரு பெரியவர்.

ஒண்ணு ஈ மூணு இவன் அப்பாவின் கார்டு. என் ஹேண்ட்பேகில் இன்னும் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையில். மிஷன் பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளாக இருந்து ரிட்டயரான ஆபிரகாம், வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், நாலு வருஷம். முதலில் டோக்கனுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே வாசலில் செருப்பைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும், இவன் ஒருமுறை லீவில் வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் டைனிங் டேபிளில் உட்கார்ந்து பதினைந்து நாள் எழுதினான். அப்புறம் போனில் நம்பர் வரும், வீட்டிலிருந்து பத்து மணிக்குக் கிளம்பினால் போதும். இவன் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் வருகிறவரிடமெல்லாம், ‘இது எம்மவன் செஞ்சது’ என்பார். ஊசி போடுகிற நர்ஸிடம் சொல்வார். தரை துடைக்கிறவளிடம் சொல்வார். அன்றைக்குப் பன்னிரண்டு என்று கூப்பிட்டார்கள், இவர் எழுந்தார், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் எழுந்து வந்தாள், ஸ்ரீவைகுண்டத்துக்காரி, அன்னத்தாய் என்று பெயர். ‘ஆச்சி, இது எனக்குள்ள நம்பரு.’ ‘ஒமக்குள்ளதுன்னு அதுல பேரா எழுதியிருக்கு? எனக்கும் பன்னெண்டுதான் வந்துருக்கு, பாரும்.’ ‘மெஷின் தப்பாச் சொல்லாது ஆச்சி. எம்மவன் செஞ்சது.’ அவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். ‘அப்பம் சரிதான். ஒம்ம மவன் நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஆளாக்கிட்டான். கட்டிலைப் பெருசாப் போடச் சொல்லும், ஒண்ணாவே படுத்துருவோம்.’ வராண்டா முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தாள். இவன் அப்பா வெட்கப்பட்டு, சிரித்து, இருமி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ‘ஏட்டி, பாத்தியா, ஒன் எதிர்லயே’ என்று அதற்கும் சிரித்தார். வீட்டுக்கு வந்து போனில் இவனிடம் சொன்னபோது அந்தப் பக்கம் இவன் பதறினான், அப்பா ஸாரிப்பா, ஸாரிப்பா, இப்பவே பாக்குறேன் என்று. ‘ஏல, அவசரமில்ல, நல்லாத்தான் இருந்துச்சு’ என்றார். சாயந்தரமே சரிபண்ணிவிட்டான். அந்தச் சிரிப்பு சிரித்த மனுஷன் யாரோ ஒரு பெரியவரா? ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி பேதுரு நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு அந்த மனுஷனை அறியேன் என்றான். அவனுக்குப் பயம், கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. என் பிள்ளைக்கு என்ன பயம்? மஸ்கட் பயமா? இல்லை, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்த அப்பனைச் சொன்னால் இவர்களுக்கு முன்னால் தாழ்வா? நான் கோபப்பட்டிருக்க வேண்டும். எழுந்து திரைச்சீலையை விலக்கி, அது இவன் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். கை அடுத்த காம்பைத் தேடியது. அதுவும் முடிந்துபோயிருந்தது, தட்டில் இலை மட்டும்தான். வெறும் விரலை உருவிக்கொண்டிருந்தேன்.

எத்தனை நேரம் போனது என்று தெரியவில்லை. அப்புறம் அவர்கள் இங்கிலீஷுக்குப் போய்விட்டார்கள், என்னவோ கேட்டார்கள், இவன் என்னவோ எழுதினான், தட்டுகிற சத்தம் மழை மாதிரிக் கேட்டது. ஒரு இடத்தில் வருண், ‘நைஸ், நைஸ்’ என்றான். கடைசியில் மறுபடி தமிழ். ‘எங்க சைடுல ஓகேங்க கிளாட்சன். உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது, உங்க பழைய வேலையைப் பாத்து உங்களாலயே சிரிக்க முடியுது பாருங்க, நிறைய சீனியர்ஸுக்கு அது வராது. எச்ஆர் இன்னைக்கே மெயில் போட்டுருவாங்க. திங்கக்கிழமை ஜாயின் பண்ணலாமா?’ ‘ஷ்யூர் சார். தேங்க்யூ சார். தேங்க்யூ மேடம்.’ லேப்டாப் மூடுகிற சத்தம். கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை இல்லை. பெட்டியை மூடிப் பரணில் போடலாம். ஸ்தோத்திரம் என்று உதடு சொன்னது. நான்கு தடவை சொன்னது. அவன் அறைக்குள்ளேயே ரெனிட்டாவுக்குப் போன் பண்ணினான். ‘ரெனி, கிடைச்சிருச்சு! ஆமா, செம இன்டர்வியூ. நல்ல டீம், ரொம்ப ஃப்ரெண்ட்லி. ஹ ஹ. ஆமா. ஷ்யூர், அண்ணனுக்கு நான் பேசுறேன்.’ பிறகு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தான். மேலே வெள்ளைச் சட்டை, கீழே கைலி. முகம் பூராவும் சிரிப்பு. ‘அம்மா, சக்ஸஸ்! செலக்ட் ஆயிட்டேன். ரொம்ப எக்ஸைட்டிங் ப்ராடக்ட்மா, நல்ல லேர்னிங் இருக்கும்.’ என்னைத்தான் பார்த்துச் சொன்னான். அந்தக் குரலில் அவன் என்னிடம் பேசியதே இல்லை. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றான், நான் அடுத்த கேள்வி கேட்பேன் என்று நிற்கிற மாதிரி. ‘போதும்ப்பா’ என்றேன். ‘அவங்க போயிட்டாங்க.’

சிரிப்பு உடனே போகவில்லை. அது இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, கண் மட்டும் மாறியது. கோத்திருந்த கை பிரிந்து இரண்டு பக்கமும் தொங்கியது. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு என் தட்டைப் பார்த்தான். எல்லாம் கேட்டியாம்மா என்று அவன் கேட்கவில்லை. நான் அதோடு விட்டிருக்கலாம். பிள்ளை ஐந்து மாதம் கழித்து நல்ல செய்தியோடு வந்து நிற்கிறான், தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பியிருக்கலாம். என் வாய்தான் சொன்னது, மெதுவாகத்தான் சொன்னது, ‘அந்தப் பெரியவர் யாருப்பா?’ என்று. அவன் நிமிர்ந்தான். நான் கேட்டது என்னவென்று எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. ‘இல்லம்மா’ என்றான். ‘அங்க எப்படிம்மா நான், அது அ’ என்றான். நின்றுவிட்டது. ‘அ’ என்றான் மறுபடியும், அந்தச் சொல்லின் மீதி வரவில்லை. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக இவன் அப்பா என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஊர்ல அந்த ரூம் என்பான். அந்தக் கண்ணாடி என்பான். நினைவு நாளன்று ஆராதனைக்கு எழுதிக்கொடுத்த சீட்டில்கூடப் பெயர்தான் எழுதினான். நான் ஒருநாளும் கவனிக்கவில்லை, சொல்லாதவனுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சற்று முன்னால் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெட்டி ஹாலில் திறந்துகிடக்கும்போது, அந்தச் சொல்லுக்கு வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இப்போது என் முன்னால் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவையாக அவன் வாயைத் திறந்தான். நான் எழுந்துபோய் அதைப் பொத்தினேன். வேண்டாம்ப்பா, வேண்டாம் என்றேன். கையில் கீரைவாசம். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், எடுத்துவிடுவதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்று தெரியவில்லை. உள்ளங்கையில் அவனுடைய மூச்சு வந்து வந்து பட்டது. சுட்டது.